மூன்றாவது சிலிண்டர்

மணல் லாரிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள் வண்டியை. லாரி தெருமுனையில் திரும்பும்போதே பாப்பா மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் புருஷன் முகத்தில் ஈயாடவில்லை. பின்சீட்டில் டீச்சரம்மா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு உட்கார்ந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தெருவே வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

வண்டி என்றால் வாடகை கார். அதுதான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. ஊருக்கு வெளியே முதியோர் விடுதியில் இருக்கும் தன் கணவரைப் பார்க்க டீச்சரம்மா வாரம் தவறாமல் போவார். பாப்பாவின் புருஷன்தான் டிரைவர், கூட்டிப்போய்க் கூட்டி வருவான். அன்றைக்கும் அப்படித்தான் போனார்கள். திரும்பும்போது நெடுஞ்சாலையில் இன்ஜினுக்குள் யாரோ தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என்ன ஏதென்று யோசிப்பதற்குள் இன்ஜின் சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்துக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. அந்த இன்ஜினைப் பிரித்துக் கட்டி ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

கட்டியவன் பாப்பாவின் அண்ணன். பக்கத்துத் தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். உள்ளே போட்ட பிஸ்டன் ரிங்குகளை எடுத்துக் கொடுத்தவள் பாப்பா. கடைவீதியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நிற்பது அவள்தான். வீட்டுக்குக் கடைக்குட்டி என்று சின்ன வயதில் வைத்த பெயர், கல்யாணமாகி மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற இந்தக் காலத்திலும் போகவில்லை. தாலி கட்டினவனும் அப்படித்தான் கூப்பிட்டான். கடைக்கு வருகிற மெக்கானிக்குகள் மரியாதைக்காக அதோடு ஒரு அக்காவையும் சேர்த்து, பாப்பாக்கா என்று ஆக்கிவிட்டார்கள்.

அண்ணன் கேள்விப்பட்டதும் கையில் கிரீஸோடு ஓடிவந்தான். பானெட்டைத் திறந்தான். குனிந்து பார்த்தான். அவன் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை வேறு ஏதாவதாக இருந்திருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும்.

"எப்படி ஓட்டுனீங்க மாப்ள?"

தெருவெல்லாம் பார்க்க லாரிக்குப் பின்னால் இழுபட்டு வந்தவனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

"நீங்க எப்படிக் கட்டுனீங்க மச்சான்?"

அதற்குப் பிறகு பேச்சு தடித்தது. புது ரிங் போட்ட வண்டியைக் கொஞ்ச நாளைக்குப் பதமாக ஓட்டு என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்றான் அண்ணன். பதமாகத்தான் ஓட்டினேன், டீச்சரம்மாவையே கேளுங்கள் என்றான் டிரைவர். டீச்சரம்மா பாவம், யார் பக்கமும் சாயாமல், எனக்கு ஓர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தால் போதும் என்றார். கடைசியில் அண்ணன், நான் கட்டினதில் கோளாறு இல்லை, ரிங் சரக்கே சரியில்லாததாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொல்லும்போது அவன் பாப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் பேச்சு வார்த்தை அறுந்தது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு அண்ணன் வீட்டில்தான். சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் வெறும் தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, ரோட்டில் பார்த்த வண்டிகளைப் பற்றி ஊர்க்கதை மாதிரி பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது ஒரே தெருவில் எதிரெதிரே வந்தாலும் ஒருவன் செல்போனைப் பார்ப்பான், இன்னொருவன் வானத்தைப் பார்ப்பான்.

வண்டி வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. டிரைவர் இரண்டொரு நாள் தெரிந்தவர்களின் வண்டிகளுக்கு மாற்று ஆளாகப் போனான். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, வெளியூர்க் கம்பெனி ஒன்றில் லாரிக்கு ஆள் கேட்கிறார்கள், போகலாம் என்று இருக்கிறேன் என்றான். மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரலாமாம். வண்டியைக் காயலாங்கடைக்காரர் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டான். வெந்நீர் போடட்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னான். பாப்பா குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டாள்.

அவளுக்கு இரண்டு விஷயம் மனசை அரித்துக்கொண்டிருந்தது. ஒன்று, அவன் போகக் கூடாது. மற்றது அவள் யாரிடமும் சொல்லாதது. லாரி இழுத்துவந்த நாளிலிருந்து, கடையில் யாராவது ரிங் செட் கேட்டால் அவள் கை அலமாரிக்குப் போகத் தயங்கியது. பெட்டியை எடுத்து, மேலே போட்டிருக்கும் எண்ணை இரண்டு தரம் படித்து, திறந்து உள்ளே பார்த்து, மூடி, திரும்பத் திறந்து பார்ப்பாள். முதலாளி ஒருநாள் கல்லாவிலிருந்து கண்ணாடிக்கு மேலே பார்த்து, "என்ன பாப்பா, ரிங்குக்கு ஜாதகம் பாக்குறியா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. ரிங் சரியில்லை என்று அண்ணன் சொன்னது உண்மையாக இருந்தால்? தன் கையால் எடுத்துக் கொடுத்த சாமான்தான் தன் வீட்டு வண்டியைக் கெடுத்ததென்றால்?

லாரி வேலையைப் பற்றிக் கேட்ட மறுநாள் சாயங்காலம் கடை முடிந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பாப்பா வாய் திறப்பதற்கு முன்பே அண்ணி ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க அண்ணன் தெனமும் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. திங்கவும் மாட்டாரு, எந்திரிக்கவும் மாட்டாரு. நானும் எவ்வளவு நேரந்தான் பாக்குறது, தட்ட எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்."

அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாப்பா அங்கே போய்ச் சுற்றி வளைக்காமல் கேட்டாள். இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எதனால் கெட்டது என்று தெரிய வேண்டும். அண்ணன் துணியை உதறினான். உன் வீட்டுக்காரர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், பிரிக்கிறேன் என்றான்.

"அவர் பேச மாட்டாரு. நீயும் பேச வேணாம். நடுவுல நான் நிக்குறேன்."

வீட்டுக்கு வந்து புருஷனிடமும் அதையே சொன்னாள். காயலாங்கடைக்குப் போகிற வண்டியை எதற்குப் பிரிப்பது என்று அவன் எரிந்து விழுந்தான். அவள் பதிலுக்குக் கத்தவில்லை.

"என்னங்க, எதுல கெட்டுச்சுன்னு தெரியாம நீங்க அதை அனுப்பிட்டா, நான் நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இன்னொருத்தருக்கு ரிங் எடுத்துக் குடுப்பேன்?"

இவள் இத்தனை நாள் இதைத்தான் சுமந்துகொண்டிருந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய்த் தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் நாலு பேர் கைகொடுக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் காதில் விழும். அந்த இரைச்சலுக்குள் பாப்பா நின்றுகொண்டு தூது போனாள்.

"பாப்பா, பேட்டரி ஒயரைக் கழட்டச் சொல்லு."

டிரைவர் மூன்று அடி தூரத்தில் நின்றான். அவன் காது நன்றாகத்தான் கேட்கும். ஆனால் பாப்பா திரும்பி, "பேட்டரி ஒயரைக் கழட்டணுமாம்" என்று சொன்ன பிறகுதான் அவன் கை நகர்ந்தது.

"கழட்டியாச்சுன்னு சொல்லு."

"கழட்டியாச்சாம்."

"பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் யாரு கால்ல மாட்டியிருக்குன்னு கேளு."

டிரைவர் குனிந்து பார்த்தான். அவன் செருப்புக்கு அடியில்தான் இருந்தது. எடுத்து பாப்பாவின் கையில் கொடுத்தான். பாப்பா அதை அண்ணன் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் இரண்டு கையும் கரியாகிவிட்டது. இதற்கு நானே மெக்கானிக் ஆகியிருக்கலாம் என்று சொன்னாள். இரண்டு பேரும் சிரிப்பு வந்தும் சிரிக்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கினார்கள். அடியில் ஆயில் தொட்டியைக் கழற்றினார்கள். பிஸ்டன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதல் இரண்டும் வம்பு பண்ணாமல் வந்தன. மூன்றாவது வரவில்லை. மரக்கட்டையை வைத்து அண்ணன் அடியிலிருந்து தட்டினான். தட்டத் தட்ட, பல் பிடுங்குகிற மாதிரி ஒரு முனகலோடு அது மேலே ஏறி வந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தார்கள். மூன்றாவது சிலிண்டரின் சுவர் முழுக்க மேலிருந்து கீழாக நீள நீளமான கோடுகள், பூனை நகத்தால் கீறின மாதிரி.

பிஸ்டனில் மேல் ரிங் மூன்று துண்டாக உடைந்திருந்தது. அதற்கு அடுத்த ரிங் முழுசாக இருந்தது. அண்ணன் அதைக் கழற்றி, துணியில் துடைத்து, கூரையின் விளிம்பில் வெளிச்சம் விழுகிற இடத்தில் பிடித்துப் பார்த்தான். பிஸ்டன் ரிங் முழு வளையம் இல்லை. ஒரு இடத்தில் வெட்டு விட்டிருப்பார்கள். இன்ஜின் சூடானால் ரிங் விரியும். விரிவதற்கு அந்த வெட்டில் மயிரிழை இடம் வேண்டும். அதைத்தான் கேப் என்பார்கள். இடம் கூடிப்போனால் ஆயில் ஏறிப் புகையும். இடமே இல்லாமல் போனால் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு, அதற்குமேல் போக்கிடம் இல்லாமல், ரிங் சிலிண்டர் சுவரைக் கீற ஆரம்பித்துவிடும். அண்ணன் கையிலிருந்த ரிங்கின் இரண்டு முனையும் தேய்த்து வைத்த வெள்ளிக் காசு மாதிரி பளபளத்தன.

"முட்டியிருக்கு," என்றான், யாரிடம் என்றில்லாமல்.

டிரைவர் அந்தப் பளபளப்பைப் பார்த்தான். அவன் மூக்கு விடைத்தது. பாப்பா பக்கம் திரும்பி, அப்படியானால் கேப் பார்க்காமலேயே போட்டாரா என்று கேள் என்றான். பாப்பா அதை எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாக்காமயா? ஒவ்வொண்ணையும் உள்ள விட்டு, கேப் பாத்து, அரத்தால ராவி ராவிப் போட்டேன். இப்பவே காட்டுறேன், உன் வீட்டுக்காரரைக் கிட்ட வந்து பாக்கச் சொல்லு."

அந்த ரிங்கை மூன்றாவது சிலிண்டரின் வாய்ப்பக்கம் விட்டான். கோணாமல் உட்கார வேண்டும் என்று பிஸ்டனைத் தலைகீழாக வைத்து லேசாக ஒரு அழுத்து அழுத்தினான். ஃபீலர் கேஜை எடுத்தான். கேஜ் என்பது மெல்லிசான இரும்புத் தகடுகளின் அடுக்கு. ஒவ்வொன்றும் ஒரு கனம். சரியான கனமுள்ள தகட்டைப் பிரித்து ரிங்கின் வெட்டில் விட்டான். தகடு அழகாக உள்ளே போய் அழகாக வெளியே வந்தது. இன்னொரு முறையும் செய்து காட்டினான்.

"பாத்தியா பாப்பா? இருக்கு. கேப் இருக்கு. நான் போட்டப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் அது எப்படி முட்டுச்சு? ஒண்ணு, தண்ணி இல்லாம ஓட்டியிருக்கணும். இல்ல, சரக்குல கோளாறு."

மழை கொஞ்சம் ஓய்ந்தது. பாப்பா உடைந்த ரிங் துண்டுகளை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை என்பதை டிரைவர் அன்றைக்கே திறந்து காட்டியிருந்தான். அப்படியானால் மிச்சம் இருப்பது அவள் கடைச் சரக்குதான்.

ரிங்கை வெளியே எடு பாப்பா, பெட்டியில் போடலாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் கையைத் துடைக்கப் போனான். அவள் எடுக்கத்தான் குனிந்தாள். கை வழுக்கியது. எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. பிஸ்டனை வைத்து ஒரு பக்கமாக நெம்பினால் வந்துவிடும் என்று நினைத்து அழுத்தினாள். ரிங் மேலே வரவில்லை. சரசரவென்று சிலிண்டருக்குள் பாதிக்கும் கீழே இறங்கி, அங்கே இறுக்கமாக நின்றுகொண்டது.

"அண்ணே, உள்ள போயிடுச்சு."

அண்ணன் அலுத்துக்கொண்டே வந்தான். ஒரு வேலை உருப்படியாகச் செய்கிறாயா என்று முணுமுணுத்தபடி டார்ச்சை வாங்கி, உள்ளே அடித்து, கொக்கியை விடுவதற்காகக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. முதுகு வலித்துவிட்டதோ என்று பாப்பா பயந்தாள். அவன் கையை மட்டும் பின்னால் நீட்டி, கேஜைக் கொடு என்றான். அதே தகட்டை விட்டுப் பார்த்தான். போகவில்லை. அதைவிட மெல்லிசு ஒன்றைப் பிரித்தான். போகவில்லை. அடுக்கிலேயே கடைசித் தகடு, ஊதினால் நடுங்குகிற அளவு மெல்லிசு. அதுவும் நுழையவில்லை. ரிங்கின் இரண்டு முனையும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு நின்றன.

அண்ணன் மெல்ல நிமிர்ந்தான். பக்கத்தில் கிடந்த ஆயில் டின்மேல் உட்கார்ந்தான்.

"பாப்பா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு…" என்று தொடங்கினான். பிறகு தலையைத் தூக்கி நேராகவே பார்த்தான்.

"மாப்ள. தப்பு என்மேலதான்."

மழைச் சத்தத்துக்கு நடுவிலும் அது எல்லோருக்கும் கேட்டது. டிரைவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். சண்டை போட வந்தவனுக்கு எதிராளி சட்டென்று உட்கார்ந்துவிட்டால் வருகிற திகைப்பு அது.

அண்ணன் சொன்னான். பழைய சிலிண்டரின் துளை, போர் என்பார்கள், மேல் பக்கம்தான் அதிகம் தேயும். வாய் அகன்றும் அடி குறுகியும் ஒரு டம்ளர் மாதிரி ஆகிவிடும். அதில் கேப் பார்ப்பதென்றால் ரிங் ஓடுகிற தூரத்தில் எது குறுகலான இடமோ அங்கே பார்க்க வேண்டும், அடியில். இது அவனுக்குத் தெரியாததில்லை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து தெரியும். அன்றைக்கு நாலு வண்டி வாசலில் நின்றது. மேலேயே விட்டு, மேலேயே பார்த்து, மேலேயே ராவி, போட்டுவிட்டான். மேலே சரியாக இருந்தது அடியில் இறங்கும்போதெல்லாம் முட்டியிருக்கிறது.

"போர் தேஞ்சிருக்கு, லேத்துக்கு அனுப்பிக் கடையணும்னு நீங்க சொன்னீங்க மச்சான்," என்றான் டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு. "நான்தான் போர் கீர் எல்லாம் வேணாம், ரிங்க மட்டும் மாத்திக் குடுங்க, வண்டி சீக்கிரம் வேணும்னு உங்க கழுத்துல உக்காந்தேன்."

"நீங்க ஆயிரம் சொல்லுவீங்க. முடியாதுன்னு சொல்ல வேண்டியது என் வேலை."

பாப்பாவுக்கும் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குக் கடையில் இந்த வண்டிக்கு உண்டான அளவு இருப்பு இல்லை. அடுத்த பெரிய அளவுதான் இருந்தது. முனையை ராவிப் போட்டுக்கொள்ளலாமா அண்ணே என்று போனில் கேட்டது அவள்தான். போட்டுக்கலாம் அனுப்பு என்று அவன் சொன்னான், அனுப்பிவிட்டாள். சரக்கில் கோளாறு இல்லை. ஆனால் அவள் கை அதில் இல்லாமலும் இல்லை. அதைச் சொன்னாள்.

அண்ணி குடையை மடக்கிக்கொண்டு ஒரு கையில் டீத் தூக்கோடு அப்போதுதான் உள்ளே வந்தாள். மூன்று பேரும் தலையைத் தொங்கப்போட்டிருப்பதை ஒரு பார்வை பார்த்தாள்.

"மூணு பேரும் சேர்ந்து அழப் போறீங்களா, இல்ல டீ குடிக்கப் போறீங்களா? ஆறிடும்."

முதலில் சிரித்தது டிரைவர்தான். அடக்கி வைத்திருந்த சிரிப்பு எல்லாமாகச் சேர்ந்து வந்தது. அண்ணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததில் முகத்தில் ஒரு கரிக்கோடு விழுந்தது.

அதற்காக எல்லாம் அன்றைக்கே நேராகிவிடவில்லை. திங்கட்கிழமை காயலாங்கடைக்காரர் சொன்னபடி வந்து நின்றார். இன்ஜின் கடைபரப்பிக் கிடப்பதைப் பார்த்து, பரவாயில்லை, இப்படியே அள்ளிக்கொண்டு போகிறேன், எனக்கும் பிரிக்கிற வேலை மிச்சம் என்றார். டிரைவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து வாருங்கள் என்றான். லாரிக் கம்பெனிக்கும் அதேதான் சொன்னான். பாப்பா வற்புறுத்தவில்லை. அவனுக்குள் இருந்த பயம் அவளுக்குத் தெரிந்தது. திரும்பக் கட்டி, திரும்ப ரோட்டில் பிடித்துக்கொண்டு, திரும்ப ஒரு லாரிக்குப் பின்னால் இழுபட்டு வருவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவள் தன்னால் ஆனதைச் செய்தாள். கடையில் பரண்மேல் கேட்பாரற்றுக் கிடக்கிற சாமான்களுக்கு நடுவே, இதே வண்டிக்குண்டான பெரிய அளவு பிஸ்டன்கள், அதற்கேற்ற ரிங்குகளோடு ஒரு பெட்டி இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. யாரோ சொல்லிவைத்து வாங்காமல் போனது. ஏணியில் ஏறி, தூசியில் இருமி இருமித் தேடி எடுத்தாள். முதலாளி பெட்டியின்மேல் இருந்த தூசியைப் பார்த்துவிட்டு, இது போனால் பரணுக்கே பாரம் குறையும், கொண்டுபோ என்றார்.

அந்தப் பெட்டியைக் கண்டதும், சரி, கட்டிப் பார்க்கலாம் என்றான் டிரைவர். சிலிண்டர் பிளாக் லேத்துக்குப் போனது. மூன்றாவதை மட்டும் கடைந்தால் போதுமா என்று லேத்துக்காரர் கேட்டதற்கு, எல்லாவற்றையும் கடையுங்கள், அவசரமே இல்லை என்று டிரைவர் சொன்னானாம். அண்ணன் அதை வீட்டில் வந்து அண்ணியிடம் ஆச்சரியமாகச் சொல்லியிருக்கிறான். மஞ்சள் விளக்கு எரியும்போதே சிக்னலைத் தாண்டுகிற ஆள் டிரைவர்.

பிளாக் திரும்பி வந்த அன்றைக்கு வெயில் நன்றாக அடித்தது. ஒர்க்‌ஷாப்பின் வாசலில் பலகை போட்டு, அதன்மேல் பழைய வேட்டியை விரித்து, பிஸ்டன்களையும் ரிங்குகளையும் வரிசையாக வைத்திருந்தான் அண்ணன். எந்த ரிங் எந்தச் சிலிண்டருக்கோ அதற்கு நேராக. கேஜைத் துடைத்தான். பிறகு அதை டிரைவர் பக்கம் நீட்டினான்.

"நீங்க பாருங்க மாப்ள."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"ஓட்டப் போறது நீங்க. உங்க கண்ணுல பட்டாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். எனக்கும் வரும்."

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பாப்பா கடையிலிருந்து வந்தபோது அவன் இரண்டாவது சிலிண்டரை முடித்திருந்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு ரிங்கையும் விட்டு, பிஸ்டனால் நேராக்கி, மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, அடியில் ஒரு தடவை. இப்போது மூன்று இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. தகடு போய்வருவதைப் பார்த்துவிட்டு, அது எப்படி இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள்.

"நெருடணும். ஆனா பிடிக்கக் கூடாது." அவன் அவள் கையைப் பிடித்துத் தகட்டைக் கொடுத்தான். "சிக்கில்லாத தலையில சீப்பு எறங்குற மாதிரி. பாரு."

அவள் பார்த்தாள். மெல்லிய ஓர் உராய்வு விரலுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

மூன்றாவது சிலிண்டரில் மேல் ரிங் இறுக்கமாக இருந்தது. தகடு பாதி போய் நின்றது. அவன் கை சட்டென்று பின்வாங்கியது. முகம் மாறியது. அண்ணன் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, அது புதுசில் அப்படித்தான் இருக்கும், ஒரு முனையை மட்டும் ராவுங்கள், வெளியே இருந்து உள்பக்கமாக மட்டும், எடுத்து எடுத்துப் பாருங்கள் என்றான். டிரைவர் அரத்தை எடுத்தான். நாலு இழுப்பு, கழற்றித் துடைத்து உள்ளே விட்டுப் பார்த்தல், இன்னும் இரண்டு இழுப்பு, மறுபடியும் பார்த்தல். பாப்பா ரொட்டியையும் அவித்த முட்டையையும் எடுத்து வைத்தாள். அவன் தொடவில்லை. அவள் கடைக்குத் திரும்புகிற நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் நின்றாள். கடைசியில் தகடு உள்ளே போனது. மேலே, நடுவில், அடியில். அடியில் பார்க்கும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இறங்கிடுச்சு மச்சான்."

"அடுத்ததைப் பாருங்க," என்றான் அண்ணன். ஆனால் எழுந்து வந்து, ரொட்டியில் முட்டையை வைத்து மடித்து, கரிக்கை படாமல் டிரைவரின் வாய்க்கு நேராக நீட்டினான். டிரைவர் ரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமலே கடித்தான்.

பிறகு பிஸ்டனில் ரிங்குகள் ஏறின. அவை பிஸ்டனில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் தடையில்லாமல் சுற்றுகின்றனவா என்று ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்தார்கள். வெட்டு எல்லாம் ஒரே நேருக்கு வராமல் திசைக்கொன்றாகத் திருப்பி வைத்தார்கள். பூட்டி முடிக்க இன்னும் சில நாள் பிடித்தது. அவசரப்படுத்த யாரும் இல்லை.

சாவியைத் திருப்பியபோது இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது. ஆனால் சைலன்சரிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. டிரைவர் கை தன்னால் சாவிக்குப் போனது. அண்ணன் ஜன்னல் வழியாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். கட்டும்போது தடவின ஆயில் அது, எரிந்து போகட்டும் என்றான். எல்லோரும் சைலன்சரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். புகை வெளுத்தது, மெலிந்தது, பிறகு இல்லை. இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் போனார்கள். டிரைவர் பக்கத்தில் அண்ணன், பின்சீட்டில் பாப்பா. அண்ணிக்குக் காரில் போனால் தலை சுற்றும். நீங்கள் வருவதற்குள் சோறாக்கி வைக்கிறேன் என்று இருந்துவிட்டாள். கிளம்புவதற்கு முன்னால் டிரைவர் வாசலிலேயே நின்று இரண்டு போன் பேசினான். ஒன்று லாரிக் கம்பெனிக்கு. வரவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். மற்றது டீச்சரம்மாவுக்கு. பேருந்தில் மாறி மாறி ஏறிக் கால் வீங்கிப்போயிருந்த அவர், வண்டி சரியாகிவிட்டதா என்று கேட்டதைவிட, உங்கள் மச்சானோடு பேசுகிறீர்களா என்று கேட்டதுதான் அதிகம். பேசுறோம் டீச்சர் என்று சொல்லும்போது அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

நெடுஞ்சாலையில் வண்டி மெல்லப் போனது. இரு சக்கர வண்டிகள்கூட முந்திக்கொண்டு போயின. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து அடித்துச் சலித்து ஒதுங்கிப் போனது. முன்பென்றால் டிரைவர் அதற்கு ஒரு பதில் சொல்லாமல் விட்டிருக்க மாட்டான். இப்போது காதிலேயே வாங்கவில்லை. அன்றைக்கு வண்டி நின்ற இடம் வந்தது. ஒரு மைல் கல்லும் பக்கத்தில் ஒரு பாலமும். மூன்று பேருக்கும் அது தெரியும். மூன்று பேரும் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கல் பின்னால் போனது. பாலம் பின்னால் போனது.

கொஞ்ச தூரம் போன பிறகு ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஆறவிட்டு, அண்ணன் ஆயில் குச்சியை உருவித் துடைத்து விட்டு எடுத்தான். கிளம்பும்போது எந்தக் கோட்டில் இருந்ததோ அதே கோட்டில் இருந்தது. டிரைவரிடம் காட்டினான். டிரைவர் அதை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இப்பக் கொஞ்சம் மிதிக்கலாம் மாப்ள. தாங்கும்."

"இருக்கட்டும் மச்சான். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போகட்டும்."

வண்டி திரும்பி வீட்டுப் பக்கம் வந்தது. ஜன்னலில் வெதுவெதுப்பான காற்று. எதிரே போன ஒரு பழைய வேனைப் பார்த்து, அது எந்த வருஷத்து வண்டி என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு வந்துவிட்டது. கியர் போடுகிற சத்தத்தை வைத்தே சொல்லுவேன் என்றான் ஒருவன். சத்தத்தை வைத்துச் சொல்ல நீங்கள் என்ன டாக்டரா என்றான் மற்றவன். ஒருவர் பேச்சு முடிவதற்குள் இன்னொருவர் பேச்சு ஆரம்பித்தது. யாரும் பாப்பாவிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. அவள் காலை மடக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டாள், கைப்பையைத் தலைக்கு அணையாக வைத்தாள். நாளைக்கு எந்த மெக்கானிக் வந்து ரிங் செட் கேட்டாலும் எந்த வண்டி, போர் கடைந்தாயிற்றா, அடியில் வைத்துப் பார்த்தாயா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு முடிவதற்கு முன்பே தூங்கிப்போனாள்.